காணி: சோழர் கல்வெட்டுகளில் உரிமையும் பணியும்

இலங்கைத் தமிழர் வழக்கில் காணி என்றால் நிலம். செங்கல்பட்டு, புதுச்சேரிப் பகுதிகளில் அது ஏறத்தாழ 1.32 ஏக்கர் கொண்ட நில அளவு. பழைய பின்ன வாய்பாட்டில் 1/80. இப்பொருள்களுக்கு நாம் பழகிவிட்டதால், சோழர் கல்வெட்டுகளில் இச்சொல் வருமிடமெல்லாம் 'நிலம்' என்றோ 'நிலச்சொத்து' என்றோ உரை எழுதிவிடுகிறோம். பல சாசனங்களில் அவ்வுரை பொருந்தாது. அங்கே காணி என்பது வழிவழியாகத் துய்க்கும் உரிமை. நிலம் அவ்வுரிமைக்குரிய பொருள்களுள் ஒன்று.

இதற்கு வலுவான சான்று தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள தளிச்சேரிக் கல்வெட்டு. முதலாம் இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல் மகளிர்) 400 பேரை அது பட்டியலிடுகிறது. அவர்களோடு நட்டுவர், கணக்கர், தையற்காரர், தச்சர் முதலிய பணியாளரையும் குறித்து, ஒவ்வொருவருக்கும் உரிய பங்கைச் சொல்கிறது. ஒரு பங்குக்கு ஒரு வேலி நிலத்தின் வருவாயாக ஆண்டுக்கு 100 கலம் நெல். பங்கு பெற்றவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அக்காணியைப் பெற்றுப் பணி செய்யவேண்டும். அவ்வுறவினருக்குப் பணித்தகுதி இல்லையெனில், தகுதியுடைய ஒருவரை அமர்த்திப் பணி செய்விக்கவேண்டும். உறவினரே இல்லாதபோது, அதே பணியிலுள்ள மற்றவர்கள் தக்காரைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்வு பெற்றவருக்கே காணி.

இந்த ஏற்பாட்டில் 'நிலம்' என்று பொருள் கொள்ள இடமேயில்லை. கைமாறுவது பணியும், அப்பணிக்குரிய நெற்பங்கும் சேர்ந்த ஒரே உரிமை. அதைவிட முக்கியமானது, அவ்வுரிமை பிறப்பால் மட்டும் நிறைவுறவில்லை என்பது. வாரிசுரிமைக்கு முதலிடம் உண்டு. தகுதி அதற்கு வரம்பு கட்டுகிறது. பழங்காலக் கோயிற்பணி முழுவதும் நிபந்தனையற்ற குலவுரிமையாகவே இருந்தது என்று துணிந்து கூறுவோர் இந்தக் கல்வெட்டை ஊன்றிப் படிக்கவேண்டும்.

ஒரு மறுப்பு எழலாம். காணி விலைக்கு விற்கப்பட்டது, விற்கத்தக்கது சொத்துதானே? விற்றது உண்மை. ஆனால் எதை விற்றார்கள் என்று பார்க்கவேண்டும். புதுக்கோட்டைப் பகுதியில் பிற்காலத்தில் ஊரார் தங்கள் பாடிகாவல் உரிமையைத் தலைவர்களுக்கு விற்றிருக்கிறார்கள். அங்கே கைமாறியது ஊரைக் காக்கும் பொறுப்பும் அதற்கு ஊர் தரும் வருவாயும். ஊர் நிலம் அன்று. நிலக்காணியிலும் கடமை இருந்தது. இராசராசன் காலத்து உக்கல் கல்வெட்டின்படி, ஈராண்டு இறை செலுத்தாதவரின் நிலத்தை ஊர் விற்றுவிடலாம். இறுக்காதவனுக்கு உரிமை நில்லாது.

உரிமைக்கும் கடமைக்கும் உள்ள இந்தப் பிணைப்பு எல்லாக் காலத்திலும் ஒரே இறுக்கத்தோடு இருந்ததாகச் சொல்ல முடியாது. சோழராட்சியின் பிற்பகுதியில் தனியாரின் நிலவுடைமை பெருகியதை ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா ஊர்வாரியாகக் கல்வெட்டுகளை ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார். காணி என்ற சொல் நிலத்தை நோக்கிச் சாயத் தொடங்கியது அப்போதுதான் என்று கருதுகிறேன். ஆயினும் சாய்வு வேறு, பிரிவு வேறு.

பிரித்தது கும்பினி ஆட்சியும் அதன்பின் வந்த ஆங்கில அரசும். சென்னைக் கலெக்டர் எல்லிஸ், மிராசு (பரம்பரை நில) உரிமை பற்றிய அரசின் வினாக்களுக்கு எழுதி 1818இல் வெளியான விடைகளில், அரபு மூலமுடைய மிராசு என்ற சொல்லுக்கு நேராகக் காணியாட்சியை வைத்தார். தொண்டைமண்டல வழக்கை அவர் ஆழ்ந்து அறிந்தவர். சங்கரய்யா போன்ற அறிஞரின் துணையும் அவருக்கு இருந்தது. ஆனால் வருவாய்த் துறைக்கு வேண்டியிருந்தது ஒரே கேள்விக்கு விடை: நிலம் யாருடையது, வரி யார் கட்டுவது? அந்தக் கேள்விக்குள் அடங்காத பணிக்காணிகள் விவாதத்தின் ஓரத்துக்குப் போயின. 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் காலத்தில், ஊர்ப்பணிக்காக விடப்பட்டிருந்த மானிய நிலங்கள் பல, ஒரு தீர்வை கட்டுவதன் பேரில் பணிக்கடனிலிருந்து விடுவிக்கப்பட்டன. வைத்திருந்தவருக்கு நிலம் முழுவுரிமையாயிற்று. பணி சம்பளத்துக்குரிய வேலையாயிற்று.