வங்கதேசத்தில் உலக உணவுத் திட்டம்

ஐக்கிய நாடுகள் அவையின் உலக உணவுத் திட்டம் 1974 முதல் வங்கதேசத்தில் இயங்கிவருகிறது. கப்பலில் வரும் தானியத்தைப் பசித்தவர்களிடம் சேர்ப்பதில் தொடங்கிய அதன் பணி, படிப்படியாக அரசுத் துறைகளுக்குத் துணைநிற்பதாக மாறியது. ரேஷன், சத்துணவு, வெள்ள முன்னெச்சரிக்கை ஆகியவற்றை அரசே நடத்தும் வல்லமையைப் பெறச் செய்வது இன்று அதன் முக்கிய வேலைகளில் ஒன்று.

1970 நவம்பர் 12 இரவு கரையைக் கடந்த போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டார்கள். மறு ஆண்டு விடுதலைப் போர். 1974-இல் பெருவெள்ளமும் பஞ்சமும். அந்த ஆண்டு தலைக்குக் கிடைத்த தானியம் முன்னும் பின்னுமுள்ள ஆண்டுகளைவிடக் குறைவாக இல்லை என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் பின்னாளில் காட்டினார். வெள்ளத்தால் வயல்வேலை நின்றது, கூலி போயிற்று, அரிசி விலை ஏறியது. சந்தையில் அரிசி இருந்தும் வாங்க வழியில்லாதவர்கள் செத்தார்கள். கிடங்கை நிரப்பினால் மட்டும் பசி தீராது என்ற பாடத்தை இந்த நாடு இவ்வளவு உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றது.

ஆதரவற்ற ஏழைப் பெண்களுக்கு மாதம் 30 கிலோ அரிசி வீதம் 2 ஆண்டுகள் தரும் அரசுத் திட்டம் இந்தப் பாடத்தையொட்டி வளர்ந்தது. அட்டை பெண்ணின் பெயரிலேயே இருக்கும். கூடவே தொழிற்பயிற்சியும் சிறுசேமிப்பும் உண்டு. உலக உணவுத் திட்டத்தின் உதவியோடு நடந்த இதற்கான அரிசியும் பணமும் இப்போது அரசுடையவை.

அதே அரிசியில் சத்தைச் சேர்ப்பது அடுத்த படி. வயிறு நிறைந்தும் இரத்தசோகை நீங்காத பெண்களை மனத்தில் கொண்டு உருவான செறிவூட்டப்பட்ட அரிசிக்கு அங்கே ‘புஷ்டி சால்’ என்று பெயர். அரிசி மாவோடு வைட்டமின் ஏ, பி1, பி12, ஃபோலிக் அமிலம், இரும்பு, துத்தநாகம் ஆகிய ஆறையும் பிசைந்து, அரிசி வடிவிலேயே மணிகளாக்கி, நூறு பங்கு சாதாரண அரிசிக்கு ஒரு பங்கு கலக்கிறார்கள். அந்த மணி சற்றே நிறம் மாறித் தெரியும். முறத்தில் புடைக்கிறவர் அதைக் கெட்டுப்போன அரிசி என்று பொறுக்கி எறிந்துவிட்டால் ஆலையில் செய்த வேலை அத்தனையும் வீண். ஆகவே ஆலைக்காரர்களைப் பழக்குவதோடு, அட்டை வைத்திருக்கும் பெண்களிடம் விளக்கிச் சொல்வதும் இதில் சேர்த்தியே. தமிழ்நாட்டு ரேஷன் அரிசியைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று சந்தேகித்த பேச்சை நினைத்தால் இதன் அவசியம் புரியும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு 75 கிராம் சத்து பிஸ்கட் பொட்டலம் வழங்கும் பணியையும் உலக உணவுத் திட்டம் தொடங்கிவைக்க, அரசு ஏற்று நடத்தியது.

பேரிடர் ஆயத்தத்தில் பெரும் பெருமை அந்நாட்டு மக்களுக்கே உரியது. போலா புயலுக்குப் பின் அரசும் செம்பிறைச் சங்கமும் அமைத்த புயல் ஆயத்தத் திட்டத்தில் 70,000-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் உள்ளனர். ஆபத்து கூடக்கூடக் கொடிகள் ஒன்று, இரண்டு, மூன்று என ஏறும். ஒலிபெருக்கியோடு வீடுவீடாகப் போய் மக்களை எழுப்புவார்கள். 2020 மே மாதம் அம்பன் புயலின்போது 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர்.

ஆற்று வெள்ளத்துக்கு வேறு உத்தி தேவைப்பட்டது. 2020 ஜூலையில் வங்கதேசத்தின் ஜமுனா ஆறு பெருகும் என்று முன்கணிப்பு சொன்னதும், கரையோரத்தில் 23,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வெள்ளம் உச்சத்தைத் தொடுமுன்பே செல்பேசி வழியாக உலக உணவுத் திட்டம் தலா 4,500 டக்கா அனுப்பியது. தண்ணீர் வருமுன் கையில் காசிருந்தால் அரிசி வாங்கி மேட்டில் வைக்கலாம், ஆட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டாம், கந்துவட்டிக்காரனிடம் போக வேண்டாம். பணம் பெற்ற குடும்பங்களில் ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடக்கும் வாய்ப்பு 36 விழுக்காடு குறைந்ததாகப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. வெள்ளம் வடிந்த பிறகு வரும் நிவாரணத்துக்கு இந்த வலிமை கிடையாது.

உலக உணவுத் திட்டம் முழுக்க நன்கொடையில் இயங்குவது அதன் பலவீனம். 2017 ஆகஸ்டுக்குப் பின் மியான்மரிலிருந்து காக்ஸ் பஜாருக்கு 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியாக்கள் வந்தார்கள். முகாமில் ஆளுக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவுப்படி, நிதி வற்றியதால் 2023 மார்ச்சில் 10, ஜூனில் 8 டாலராக வெட்டப்பட்டது. வேலைக்குப் போகவும் அனுமதியில்லாத மனிதர்களுக்கு எட்டு டாலர் என்பது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 27 சென்ட். 2024-இல்தான் படி மீண்டும் உயர்த்தப்பட்டது.