வாரம் ஒருமுறை என்ற கணக்கு

வழுக்கைக்கு டெர்மா ரோலர் எனும் ஊசி உருளை வாங்குகிறவர் முதலில் கேட்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை உருட்டலாம் என்பதைத்தான். வாரம் ஒருமுறை என்ற பதில் உடனே கிடைக்கும். உடலை அளந்து கண்ட விதியல்ல அது. ஓர் ஆய்வின் கால அட்டவணை பழக்கமாக வேரூன்றிவிட்டது என்பதே என் வாதம். ஊசியால் தோலைச் சீர்செய்யும் முறை தழும்புகளில்தான் தொடங்கியது. 1997இல் கனடாவின் காமிரான், டூசே இருவரும் மையில்லாமல் பச்சைகுத்தும் கருவியைத் தழும்புகளில் ஓட்டினார்கள். தென்னாப்பிரிக்க மருத்துவர் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் ஊசிகளை உருளையில் பதித்தார். இவர்கள் தேடியது தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன், அதுவும் புதிதாக. அது முதிர மாதங்கள் ஆகும் என்பதால், தழும்புச் சிகிச்சையில் ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் இடையே பல வாரங்கள் விடுவதே வழக்கம்.

ஊசி வழுக்கைக்கு வந்தபோது இந்த இடைவெளியைச் சுருக்கியது மும்பை. சயன் பகுதியின் லோகமான்ய திலக் மருத்துவக் கல்லூரியில் ரச்சிதா துராட் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், பரம்பரை வழுக்கையுள்ள 100 ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தலையில் பூசும் முடி வளர்ச்சி மருந்தான 5 சதவீத மினாக்ஸிடில் மட்டும். மறுபாதிக்கு அதோடு வாரந்தோறும் 1.5 மி.மீ. ஊசி. 12 வாரத்தில் முடி எண்ணிக்கையின் சராசரி உயர்வு ஊசிக் குழுவில் 91.4, மற்றதில் 22.2. வழுக்கை மருத்துவத்தில் இப்படிப்பட்ட வித்தியாசம் அரிது. அந்த ஆய்வு பெற்ற புகழுக்கு அது தகுதியானதே. ஆனால் மினாக்ஸிடிலோடு ஊசி சேர்ந்தால் பலன் கூடுமா என்பதுதான் அதன் கேள்வி. வாரத்தையும் மாதத்தையும் அது ஒப்பிடவே இல்லை.

பலன் தந்த அட்டவணையை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஓர் இடைவெளி பலன் தந்தது என்பதால் அதுவே சிறந்தது என்றாகாது. பின்னர் ஈரானில் இரு வாரத்துக்கு ஒருமுறையும், சீனாவில் மூன்று வாரத்துக்கு ஒருமுறையும் குத்தியபோதும் முடி கூடியது. ஈரானிய ஆய்வில் 1.2 மி.மீ. ஊசியைவிட 0.6 மி.மீ. ஊசியே நல்ல பலன் தந்தது. அதிகம் காயப்படுத்தினால் அதிகம் முளைக்கும் என்ற நம்பிக்கைக்கு இது எதிர்ச்சான்று. முடிவேரைத் தூண்டக் கொலாஜன் முதிரும்வரை காத்திருக்க வேண்டாம், காயத்தின் முதல் சில நாள் சுரப்புகளே போதும் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இருக்கலாம். ஆனால் ஆய்வுக்கு ஆய்வு ஊசியின் ஆழமும் கருவியும் இடைவெளியும் ஒருசேர மாறியிருப்பதால், எந்த மாற்றம் எந்தப் பலனைத் தந்தது என்று பிரித்தறிய முடியாது. ஆகவே நாட்காட்டியில் தேதியை மட்டும் குறிப்பவர் பாதிக் கணக்கைத்தான் எழுதுகிறார். ஊசியின் நீளம், சிவப்பு மறைய ஆன நாட்கள் ஆகியவற்றையும் தேதிக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். முந்தைய சிவப்பு அடங்காத தலையில், வாரம் முடிந்துவிட்டது என்பதற்காக மறுபடி ஊசி ஓட்டக் கூடாது.