49 நாள் ஜீப்பும் ஆடுற ஸ்டியரிங்கும்

பழைய ஜீப் ஓட்டினவங்களுக்குத் தெரியும். நேர் ரோட்டுல போகும்போதே ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டே இருக்கணும். கறுப்பு வெள்ளைப் படத்துல ஸ்டூடியோவுக்குள்ள கார் ஓட்டுற ஹீரோ மாதிரி :-) பார்க்கச் சிரிப்பா இருந்தாலும் மலை ரோட்டுல அது உயிர்ப் பிரச்சினை.

இந்த ஆட்டத்துக்குப் பின்னாடி ஒரு சரித்திரம் இருக்கு. 1940 ஜூலையில அமெரிக்க ராணுவம் சின்னதா, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒண்ணு கேட்டது. முதல் மாதிரிக்குக் கெடு 49 நாள்! (நம்ம ப்ராஜக்ட் மேனேஜர்களே பரவாயில்லை.) பாண்டம்னு ஒரு குட்டிக் கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற இஞ்சினியரை வச்சு, செப்டம்பர் 23 அன்னிக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திடுச்சு. ஆனா பெரிய ஆர்டர் போனது வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். போர் முடியறதுக்குள்ள ரெண்டு பேரும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல செஞ்சு தள்ளினாங்க.

அந்த வில்லிஸ் எம்.பி.யோட ஸ்டியரிங் பெட்டி ராஸ் கம்பெனியோடது. உள்ளே திருகு மாதிரி பள்ளம் வெட்டின ஒரு தண்டு. அந்தப் பள்ளத்துல ரெண்டு முளை ஓடும். பெட்டியிலிருந்து ஒரு ட்ராக் லிங்க் முன்னாடி போய் 'பெல் கிராங்க்'கைத் தள்ளும். அது ஒரு ஊசி பேரிங்குல சுழலுற கை. முன்னும் பின்னுமா வர்ற அசைவை இடம் வலமா மாத்தறது அதோட வேலை. அங்கிருந்து ரெண்டு டை ராட், ஆளுக்கொரு சக்கரத்துக்கு.

இப்ப எண்ணிப் பாருங்க. ட்ராக் லிங்க்குக்கு ரெண்டு மூட்டு, பெல் கிராங்க்குக்கு ஒண்ணு, டை ராடுகளுக்கு நாலு. மொத்தம் ஏழு. ஒவ்வொண்ணும் நூல் அளவு தேஞ்சாலே எல்லாம் கூடி உங்க கையில கால் சுத்து ஆட்டமா வந்து நிக்கும். போர்க்களத்துல சில வருஷம் ஓடினாப் போதும்னு நினைச்ச வண்டி. 1945ல அதுவே சி.ஜே.-2ஏ என்ற பேர்ல விவசாயி வீட்டுக்குப் போச்சு. 1940களோட கடைசியில மஹிந்திரா மூலமா பம்பாய்க்கும் வந்துச்சு. அமெரிக்காவுலயே 1972ல ஏ.எம்.சி. கம்பெனி சாகினா ஸ்டியரிங்குக்கு மாறினப்பதான் பெல் கிராங்க்குக்கு விடுதலை.

வண்டியில ஆட்டம்னா பலரும் முதல்ல கை வைக்கிறது பெட்டி மேல இருக்கிற ஸ்க்ரூவுலதான். வெளியே தெரியுது, ஒரு ஸ்பானர் போதும், வேற காரணம் இல்லை. இதைவிட ஆபத்தான வேலை கிடையாது. தண்டோட பள்ளம் நடுவுல மட்டும் இறுக்கமா இருக்கணும்னே வெட்டினது. வண்டி பெரும்பாலும் நேராப் போறதால தேயறதும் அந்த நடுதான். அதை மறைக்க ஸ்க்ரூவை முறுக்கினா, தேயாத ஓரங்கள்ல போய்ப் பிடிச்சுக்கும். கொண்டை ஊசி வளைவுல திருப்பின சக்கரம் தானா நேராகாது. நண்பனோட அப்பா ஜீப் இப்படித்தான் இருந்தது. புதுப் பெட்டியே வாங்கணும்னு ஒரு பட்டறையில சொல்லிட்டாங்க. கடைசியில தேஞ்சிருந்தது பெல் கிராங்க் பேரிங்.

சரியான வழி கோடை டிபக் பண்ற மாதிரிதான். சக்கரம் தரையில இருக்கட்டும், இஞ்சின் ஆஃப். ஒருத்தர் ஸ்டியரிங்கை லேசா ஆட்ட, இன்னொருத்தர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டுலயும் கை வச்சுப் பார்க்கணும். ஒரு பக்கம் அசைஞ்சு மறுபக்கம் அசையாத இடம்தான் குற்றவாளி. பெல் கிராங்கைத் தனியா மேலும் கீழும் தூக்கிப் பாருங்க.

அப்புறம் ஜாக்கி போட்டு டயரோட உச்சியையும் அடியையும் பிடிச்சு ஆட்டணும். ஆட்டம் இருந்தா ப்ரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. நின்னுட்டா வீல் பேரிங். நிக்கலைன்னா கிங் பின் பேரிங். ஷிம் தகடு எடுத்து இறுக்கிப் பார்க்கலாம், உள்ளே குழி விழுந்திருந்தா மாத்தணும்.

இவ்வளவும் சரின்னு தெரிஞ்ச பிறகுதான் பெட்டி ஸ்க்ரூ. அதுவும் ட்ராக் லிங்கைக் கழட்டிட்டு, ஸ்டியரிங்கை நட்ட நடுவுல வச்சு.