சுற்றுநடையும் நீரொழுங்கும்: கிளிநொச்சிப் புறநிலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

விடியலில் ஓரிடத்திலிருந்து புறப்பட்டு, சென்ற வழியே திரும்பாமல், பொழுதுபடுமுன் அதே இடத்தைக் கால்நடையாக வந்தடைவதைச் 'சுற்றுநடை' என்று இங்கு குறிக்கிறோம். மூடிய வழி, ஒரு பகற்பொழுது ஆகிய இரண்டும் இதன் இன்றியமையாத உறுப்புகள். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது வேறு நடையாகிவிடும்.

இதற்கு நெருங்கிய நடைகள் மூன்று உள. கோயில் வலம் மூடிய வழிதான். ஆயினும் அதற்கு நடுவில் ஒரு திருவுரு உண்டு, நடப்பவரின் மனம் அதன்மேல் நிற்கும். சுற்றுநடைக்கு அப்படியொரு நடுப்புள்ளி இல்லை. செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் செல்லும் பாதயாத்திரை நீண்டதெனினும் திறந்த வழி. போய்ச் சேர்வதே அதன் பயன். கமக்காரர் தம் வயலைச் சுற்றிவருவது மூடிய வழியே, ஆனால் அது வேலை. இம்மூன்றிலும் அடங்காத நடையைக் கண்டால் வன்னியில் மூத்தவர்கள், "சும்மாவோ நடக்கிறியள்?" என்று கேட்பது வழக்கம். அந்தச் 'சும்மா'வை விளக்குவதே எம் நோக்கம்.

நீளத்தை மைலால் அளக்காமல் பகலால் அளப்பதற்குக் காரணம் உண்டு. இலண்டனில் ஆனிப் பகல் பதினாறு மணி நேரத்தைக் கடக்கும். மார்கழிப் பகல் எட்டு மணி நேரத்துள் அடங்கும். அங்கு நீண்ட நடை எது என்பதைப் பருவமே தீர்மானிக்கிறது. கிளிநொச்சியிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு. பகல் இங்கு நிலையான அளவுகோல். மாறுபவை வெயிலும் நீரும் மட்டுமே.

2. நிலத்தின் இயல்பு

வன்னிப் பெருநிலப்பரப்பு கண்ணுக்குச் சமதரை. மலை இல்லை, திசை காட்டும் முகடும் இல்லை. ஆயினும் இந்நிலத்துக்கு மேலும் கீழும் உண்டு. அச்சரிவைக் கால் உணராது, நீர் உணரும். நீரின் போக்கால் மட்டுமே அறியப்படும் இத்தகைய சரிவை 'நீரறி சரிவு' என்று அழைக்கலாம்.

இடப்பெயர்களே இதற்குச் சான்று. குளம், மடு, மோட்டை, முறிப்பு என முடியும் பெயர்கள் வன்னியில் மலிந்துள்ளன. மடு ஆழ்ந்து நீர் தங்கும் பள்ளம். மோட்டை அதனினும் சிறிய நீர்நிலை. முறிப்பு கட்டு உடைந்த குளத்தின் நினைவு. கனகராயன்குளம், முரசுமோட்டை, புதுமுறிப்பு என்று ஊர்களை அடுக்கிச் சொன்னாலே நீரின் வரலாறு வந்துவிடும். 'இரணை' என்பது இரட்டை. இரட்டை மடுக்கள் ஒன்றான நீர்ப்பரப்பே இரணைமடு.

இரணைமடுக் குளத்தின் கட்டுமானம் 1902 இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் நிறைவுற்றது; பின்னர் கட்டு பலமுறை உயர்த்தப்பட்டது. 1936 இல் குடியேற்றத் திட்டத்தோடு கிளிநொச்சி உருப்பெற்றது. 1984 இல் அது தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. குளம் முன்னது, நகரம் பின்னது. நடையும் நீரைப் பின்தொடர வேண்டும் என்னும் எம் வாதம் இந்த வரிசையின் மேல் நிற்கிறது.

3. திசை

வலஞ்சுழியா, இடஞ்சுழியா? கோயில் வலம் வந்து பழகிய கால் வலஞ்சுழியையே நாடும். நிழலைக் கருதுவோர் வெயிலைக் காரணம் காட்டுவர். ஆனால் நாம் எடுத்துக்கொண்ட, கிளிநொச்சி நகரிலிருந்து இரணைமடுக் குளக்கட்டு வழியே சுற்றிவரும் வட்டத்தில் நகரம் மேற்கு விளிம்பில் இருக்கிறது. எப்பக்கமாகப் புறப்பட்டாலும் முற்பகலில் கிழக்கு நோக்கியும் பிற்பகலில் மேற்கு நோக்கியும் நடந்தேயாக வேண்டும். இருமுறையும் வெயில் முகத்தில்தான். ஆகவே வெயில் இதில் நடுவராக இயலாது.

நீரே முடிவு செய்கிறது. குளக்கட்டிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து கனகராயன் ஆற்றுக்கும் நீர் இறங்கும் வரிசையில் நடப்பின் வழி இடஞ்சுழியாக அமையும். மரபுக்கு மாறானதெனினும் அதையே நாம் கொள்கிறோம்.

4. படிநிலைகள்

முதற்படி ஏ9 வீதி. நகரிலிருந்து தெற்கே செல்லும் இத்துண்டில் சொல்வதற்கு அதிகம் இல்லை. 155ஆம் கட்டை என்ற பெயர், கண்டியிலிருந்து மைல் எண்ணிய காலத்தின் எச்சம். பேருந்துப் பயணிகள் முறிகண்டிப் பிள்ளையாரையும் கச்சானையும் நோக்கி மேலும் தெற்கே விரைவர். நடப்பவர் அதற்கு முன்பே இரணைமடுச் சந்தியில் கிழக்கே திரும்பிவிட வேண்டும்.

இரண்டாம்படி குளக்கட்டு. நடை முழுவதிலும் உயரத்தைக் கண்ணால் காணும் ஒரே இடம் இது. ஒருபுறம் கட்டின் மேல்விளிம்பை நெருங்கும் நீர். மறுபுறம் மரங்களின் தலைகள், அவற்றுக்கும் கீழே வயல். துருசு வழியே இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களுக்கு நீர் பிரிகிறது. மிகுநீர் வான்கதவுகளால் ஆற்றில் விடப்படுகிறது. குளத்தின் நிலையை இவ்வூரார் அடியால் சொல்வர். சிறுபோகத்துக்கு எவ்வளவு நிலம் விதைக்கலாம் என்று பயிர்செய்கைக் கூட்டத்தில் எழும் வாதமெல்லாம் அந்த அடிக்கணக்கைப் பற்றியதே. உச்சிவெயிலுக்கு முன் இங்கு வந்து, கனகாம்பிகை அம்மன் கோயிலருகே நிழலில் இளைப்பாறுவது முறை.

மூன்றாம்படி வலதுகரை. இராமநாதபுரம், வட்டக்கச்சி வழியாக வாய்க்காலோடு வடக்கே இறங்குகிறோம். பெரிய வாய்க்கால் கிளையாகிக் கிளை வரம்போரக் கானாகிறது. நீரறி சரிவை இங்கு அடியடியாகப் படிக்கலாம். வயலைக் குறுக்கறுத்துப் போகும் ஆசை எழும், அடக்கிக்கொள்ள வேண்டும். 2009 இல் போர் முடிந்தபின் வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நீடித்தது. மிதிபட்ட தடத்தை விட்டு விலகாமை இந்நிலத்தில் அறிவுரையாகச் சொல்லப்படுவதன்று, பழக்கமாகப் படிந்தது.

நான்காம்படி பன்னங்கண்டிப் பாலம். இங்கு ஒரு சிறு கணக்கு உண்டு. வவுனியாப் பக்கத்தில் தோன்றி வடக்கே சுண்டிக்குளம் களப்பை அடையும் கனகராயன் ஆறு எம் வட்டத்துள் பிறக்கவுமில்லை, முடியவுமில்லை. உள்ளே வந்த ஆறு வெளியேறியாக வேண்டும். ஆதலால் சுற்றுநடை செய்பவர் அதை இரட்டைப்படையான தடவையே கடக்க முடியும். எம் வழியில் இருமுறை. முதலாவது கட்டின் மேல், இரண்டாவது இப்பாலத்தில். முன்னதைப் 'பிடித்த நீர்' என்றும் பின்னதை 'விட்ட நீர்' என்றும் பிரிக்கிறோம். போன வழியே திரும்புபவரும் ஆற்றை இருமுறை கடக்கலாம்; ஆனால் ஒரே நீரையே இருமுறை காண்பார். மூடிய வழியின் சிறப்பு இதுவே.

2018 டிசம்பரில் பெருமழையில் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது பன்னங்கண்டி, முரசுமோட்டைப் பகுதிகள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. கட்டின்மேல் நின்று அழகென்று கண்ட நீர் கீழே என்ன ஆகும் என்பதை வட்டத்தின் இந்தப் பாதியே சொல்லும். பாலத்துக்குப் பின் மேற்கே நகரம் வரையுள்ள துண்டு களைத்த கால்களுக்குரியது. அதைப் பிரித்து ஆராய வேண்டியதில்லை.

5. பருவம்

ஐப்பசி முதல் மார்கழி வரை மழைக்காலம்; தடங்கள் சேறு. தை, மாசியில் காலபோக அறுவடை. ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் காற்று வறட்டி அடிக்கும். அப்போது கைகொடுப்பது பாலைப்பழம் ஒன்றே, அதுவும் உதட்டை ஒட்டவைத்துவிடும். குளத்தில் நீர் நிற்க, தடம் காய்ந்து, வயல் வெறுமையாகி வரம்புகள் தெளிவாகத் தெரியும் மாசியே உகந்தது என்பது எம் முடிபு. அதன் குறை ஒன்று: விட்ட நீர் அப்போது மெலிந்திருக்கும்.

நடந்தவர் குறிப்பெழுதும்போது நாளோடு குளம் அன்று எத்தனை அடி என்பதையும் சேர்த்தெழுத வேண்டுகிறோம். அவ்வெண் இல்லாத குறிப்பை இன்னொருவரின் குறிப்போடு ஒப்பிட இயலாது.