உலகமயமாதல்: கெடா தோட்டப்புறம்

உலகமயமாதல் என்பது சரக்கு, மூலதனம், உழைப்பு, பண்பாடு ஆகியவை நாட்டெல்லை கடந்து ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் நிலை. அதன் தொடக்கம் குறித்து அறிஞர்கள் உடன்படவில்லை. இம்மானுவேல் வாலர்ஸ்டைன் 16ஆம் நூற்றாண்டின் முதலாளிய உலக அமைப்பைச் சுட்டுவார். கெவின் ஒரூர்க், ஜெஃப்ரி வில்லியம்சன் இருவருக்கும் 19ஆம் நூற்றாண்டில் பண்டங்களின் விலை நாடுகளிடையே நெருங்கியதே அளவுகோல். ரோலண்ட் ராபர்ட்சன் உலகம் ஒன்றே என்னும் உணர்வையும் சேர்ப்பார்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கோலமூடா மாவட்டத்துப் புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில் பொருளியல் கூறே மேலோங்கியது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்ற ரப்பர் விதைகளின் கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் சேர்ந்தன. மலாயாவில் தோட்டங்கள் பெருகியபோது கங்காணிகள் தமிழகத்தில் ஆள் திரட்டினர். 1938இல் இந்திய அரசு அதை நிறுத்தியது. பால்மரம் சீவியவரின் கூலியோ லண்டன் விலையையும் அமெரிக்க டயர் ஆலைகளின் தேவையையும் ஒட்டி ஏறி இறங்கியது. 1922இன் ஸ்டீவன்சன் திட்டம் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையைத் தாங்க முயன்று, 1928இல் கைவிடப்பட்டது.

பின்னர் ரப்பர் நிலங்கள் பல செம்பனைக்கு மாறின. அண்டை மாவட்டமான கூலிமில் 1996இல் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. இந்தோனேசிய, வங்கதேச, நேபாளத் தொழிலாளர் வருகை உழைப்புப் பெயர்வின் புதிய கட்டம். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் நடந்த பழங்கடார வணிகத்தையும் உலகமயமாதலில் அடக்குவோர் உண்டு. விலை அளவுகோலின்படி அது பொருந்தாது.