ரசம் போன கண்ணாடியும் நட்சத்திர வெளிச்சமும்



முகம் பார்க்கும் கண்ணாடி மங்கிப் புள்ளி விழுந்தால் "ரசம் போய்விட்டது" என்று சொல்வோம். முற்காலத்தில் கண்ணாடியின் பின்புறத்தில் வெள்ளீயத் தகட்டையும் பாதரசத்தையும் சேர்த்துப் பூசினார்கள். அந்தப் பாதரசம்தான் நாம் சொல்லும் ரசம். முகத்தைக் காட்டுவது கண்ணாடியல்ல, அதன் பூச்சு. வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கிக்கும் இதே கதைதான்.

தொலைநோக்கிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று குழிவான கண்ணாடியால் ஒளியைத் திருப்பிச் சேர்ப்பது. மற்றது வில்லையின் ஊடாக ஒளியைச் சேர்ப்பது.

முதல் வகையில், ஆரம்ப காலத்தில் கண்ணாடியே இருக்கவில்லை. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை மினுக்கிப் பாவித்தார்கள். 1781இல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் கருவியும் அப்படிப்பட்டதுதான். புதிதாக மினுக்கிய உலோகமும் விழுந்த ஒளியில் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் திருப்பித் தரும். விரைவில் மங்கியும் விடும். மறுபடி மினுக்கினால் அருமையாகத் தேய்த்தெடுத்த வளைவு கெட்டுப்போகும். அதனால் 1789இல் முடித்த தனது 40 அடித் தொலைநோக்கிக்கு ஹெர்ஷல் இரண்டு உலோக ஆடிகள் செய்து வைத்திருந்தார். ஒன்று மினுக்கப்படும்போது மற்றது வேலை செய்யும்.

1850களின் நடுப்பகுதியில் ஜேர்மனியில் ஸ்ரைன்ஹைலும் பிரான்சில் ஃபூக்கோவும் கண்ணாடியின் முன்புறத்தில் மெல்லிய வெள்ளிப் பூச்சு இட்டார்கள். இது பெரிய மாற்றம். பூச்சு கெட்டால் அமிலத்தால் கழுவிவிட்டு மீண்டும் பூசலாம். கண்ணாடியின் வளைவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வெள்ளி விளக்கும் கொலுசும் கறுப்பது நம் வீடுகளில் தெரிந்த விடயம். நிலக்கரிப் புகை நிறைந்த அன்றைய இலண்டனில் அது இன்னும் வேகமாகக் கறுத்தது.

இங்கே ஒரு தொழிலாளியின் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் உருக்காலையில் வேலை செய்தவர் ஜோன் பிரஷியர். பகலில் ஆலை வேலை, இரவில் மனைவி ஃபீபியுடன் சேர்ந்து கண்ணாடி தேய்ப்பு. மிகுந்த பாடுபட்டுச் செய்த 12 அங்குலக் கண்ணாடி, வெள்ளி பூசும்போது வெடித்துவிட்டது. கணவர் மனமுடைந்துபோக, மனைவி அவரைத் தேற்றி அடுத்த கண்ணாடியில் வேலை தொடங்கச் செய்தார். பிறகு பிரஷியர் பாதுகாப்பான பூச்சு முறையொன்றைக் கண்டுபிடித்தார். அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், 1880இல் இலண்டனில் வெளிவந்த 'இங்கிலிஷ் மெக்கானிக்' என்ற வார இதழில் எல்லோரும் அறிய எழுதினார். வசதி குறைந்தவர்களும் வீட்டிலேயே தொலைநோக்கி செய்ய அது வழி திறந்தது.

1930களில் ஜோன் ஸ்ட்ரோங் என்ற அமெரிக்கர் காற்றகற்றிய கலத்துக்குள் அலுமினியத்தை ஆவியாக்கிக் கண்ணாடியில் படிய வைத்தார். 1935இல் மவுண்ட் வில்சனின் 100 அங்குலக் கண்ணாடிக்கும் இந்தப் பூச்சு இடப்பட்டது. அலுமினியம் வெள்ளியைப்போலக் கறுக்காது. பூச்சின் தடிப்போ தலைமுடியின் தடிப்பில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் இதை வீட்டு மேசையில் செய்ய முடியாது. கண்ணாடியைத் தானே தேய்த்தவரும் பூச்சுக்காக அதை வெளியே அனுப்பவேண்டி வந்தது.

இனி வில்லைக்கு வருவோம். டூட்டிங் பெக்கில் இருந்து ட்ரினிட்டி வீதி வழியே போனால் வருவது வோண்ட்ஸ்வேர்த் கொமன். அங்கே 1852இல் கிரேக் என்ற பாதிரியார் 24 அங்குல வில்லை கொண்ட தொலைநோக்கியை நிறுவினார். வில்லைத் தொலைநோக்கிகளில் அன்று உலகிலேயே பெரியது அதுதான். வில்லையின் வளைவில் குறை இருந்ததால் சில வருடங்களிலேயே அது கைவிடப்பட்டது. பூச்சில்லாத வில்லையின் ஒவ்வொரு பரப்பும் நூற்றுக்கு 4 பங்கு ஒளியைத் திருப்பி எறியும். இரு வில்லைகளுக்கு நான்கு பரப்புகள் என்றால் ஏறக்குறைய 15 பங்கு நட்டம்.

1892இல் யோர்க் நகரின் டெனிஸ் டெய்லர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். பழசாகி நிறம் மாறிய வில்லைகள் புதியவற்றைவிடக் கூடுதல் ஒளியை உள்ளே விட்டன! மெல்லிய படலத்தின் மேலும் கீழும் தெறிக்கும் ஒளி அலைகள் ஒன்றையொன்று அழிப்பதே காரணம். 1935இல் சைஸ் நிறுவனத்தில் வேலை செய்த உக்ரேனியர் ஸ்மாக்குலா இதை முறையான பூச்சாக்கினார். பைனாக்குலர் வில்லையில் தெரியும் ஊதா நிறம் அதுதான்.

தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் 2.34 மீற்றர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6இல் திறக்கப்பட்டது. இந்தியாவிலேயே செய்யப்பட்டது. அதற்காக உழைத்த வைணு பாப்பு 1982இல் காலமாகிவிட்டார். இன்று அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தக் கண்ணாடிக்கும் அலுமினியப் பூச்சைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான பூச்சுக் கலம் அங்கேயே இருக்கிறது.

ஆகவே நேயர்களே, பிள்ளைகளுக்காகப் பழைய தொலைநோக்கி வாங்கி, அதன் கண்ணாடி மங்கியிருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். துணியால் அழுத்தித் துடைக்கவும் வேண்டாம், பூச்சு கீறிவிடும். பூச்சிடும் நிறுவனங்கள் இந்நாட்டில் இருக்கின்றன. உள்ளே வளைவு நன்றாக இருக்கும்வரை, போன ரசத்தை மீண்டும் பூசிக்கொள்ளலாம்.