ஷார்ட்ஹாண்ட் தாத்தாவும் பெர்மனென்ட் அப்பாவும்

நாற்பத்தைந்து வயசில் ஒருத்தர் வேலை தேடுகிறார் என்றால் நம்ம வீடுகளில் அது ஏதோ துக்க சமாசாரம் மாதிரி. ஊரிலிருந்து போன் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். அத்தை உடனே ஜாதகத்தை எடுக்கச் சொல்வார். ஒரே இடத்தில் சேர்ந்து அங்கேயே ரிட்டயர் ஆவதுதான் நம் குலவழக்கம் என்றொரு நினைப்பு. சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் அது குலவழக்கமே இல்லை, நடுவில் வந்துபோன ஒரு முப்பது, நாற்பது வருஷ சமாசாரம் என்று தெரிகிறது. மும்பைக்கு வந்த எங்கள் வீட்டு மூன்று தலைமுறையை வைத்தே சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கதையும் ஏறக்குறைய இதேதான் இருக்கும்.

தாத்தா கும்பகோணம் பக்கத்திலிருந்து 1937-ல் பம்பாய்க்கு ரயில் ஏறினார். கையில் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் ஷார்ட்ஹாண்ட் சர்டிபிகேட்டும். ஐசக் பிட்மன் 1837-ல் இங்கிலாந்தில் வெளியிட்ட சுருக்கெழுத்து, நூறு வருஷம் கழித்துக் காவிரிக்கரைப் பையன்களுக்குச் சோறு போட்டது! பஞ்சு வியாபாரம், கப்பல், இன்சூரன்ஸ் என்று பம்பாய் ஆபீஸ்கள் எல்லாவற்றிலும் கடிதம் இங்கிலீஷில்தான் போகவேண்டும். வேகமாக எழுதி, தப்பில்லாமல் டைப் அடிக்கிறவனுக்கு எங்கேயும் ஒரு நாற்காலி உண்டு.

வேலை எப்படிக் கிடைத்தது? மாதுங்காவில். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் ஆரம்பித்ததும் அங்கேதான். 1942-ல் ராம நாயக் தன் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கைத் திறந்ததும் அங்கேதான். இந்த மாதிரி மெஸ்களும் ஒரு ரூமில் ஆறு பேர் தங்கிய ஜாகைகளும்தான் அந்தக் காலத்து வேலைவாய்ப்பு அலுவலகம். புதுசாக யார் வந்து இலையில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர், "ஏண்டா அம்பி, ஸ்பீடு எவ்வளவு?" என்றுதான் கேட்பாராம். "நூத்திருபது மாமா" என்று சொன்னால், மறுநாளே யாராவது தன் ஆபீசுக்கு அழைத்துப் போவார். தாத்தா பதினோரு வருஷத்தில் நாலு கம்பெனி மாறினார். யாரும் ஜாதகம் பார்க்கவில்லை.

இதில் ஒன்றை மறைக்கக்கூடாது. மெஸ்ஸின் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. சாதி, ஜில்லா பார்த்துத்தான் சிபாரிசு ஓடியது. அதே பம்பாய்க்கு, அதற்கும் முன்னாலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவித் தோல் பதனிடும் தொழிலில் பாடுபட்டவர்களுக்கு அந்த இலையில் இடம் கிடையாது. அவர்கள் தங்களுக்குள்ளேயே வேறொரு சங்கிலி போட்டுக்கொண்டார்கள்.

அப்பா காலத்தில் நிலைமை மாறியது. இரண்டாம் உலகப் போரில் இருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித்தர 1945-ல் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சுகள் வந்தன; பிறகு அவை எல்லாருக்கும் என்றாயின. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் காலியிடங்களை அங்கே தெரிவிக்கவேண்டும் என்று 1959-ல் சட்டமும் வந்தது. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் தேசியமயமாயின. கிளைகள் பெருகின, ஆள் எடுத்தார்கள். அப்பா 1971-ல் பரீட்சை எழுதி வங்கியில் கிளார்க் ஆனார். சிபாரிசு பண்ண மாமா தேவைப்படவில்லை.

அப்பா அந்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1966 ஜூன் 19 அன்று சிவசேனை பிறந்தது. அதற்கு முன்னாலேயே 'மார்மிக்' பத்திரிகையில் எந்தக் கம்பெனியில் எத்தனை தென்னிந்தியப் பெயர்கள் என்று பட்டியல் போட ஆரம்பித்திருந்தார்கள். உடுப்பி ஓட்டல்கள் அடிவாங்கின. "மதராஸிக்கு எதுக்கு இங்கே வேலை?" என்று கேட்கிற ஊரில், இருக்கிற வேலையை விட்டு இன்னொன்று தேட யாருக்குத் தைரியம் வரும்? 'பெர்மனென்ட்' என்ற வார்த்தைக்குள் சம்பளம் மட்டும் இல்லை, பயத்துக்கு மருந்தும் இருந்தது.

ஆனால் அந்தப் பெர்மனென்ட்டும் எல்லாருக்கும் நிலைக்கவில்லை. 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் மில் ஸ்டிரைக் ஆரம்பித்தது. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளிகள். நிறையப் பேர் மில்லுக்குள் திரும்பிப் போகவே இல்லை. இருபது வருஷம் தறியில் நின்றவருக்கு மில்லுக்கு வெளியே அந்த அனுபவத்தை வாங்க ஆள் இல்லை. தாத்தாவின் 120 ஸ்பீடு எந்த ஆபீசிலும் செல்லும். மில் தொழிலாளியின் கைத்திறன் மில் இருக்கிறவரைதான். அனுபவம் எவ்வளவு என்பதைவிட, அதை வேறிடத்துக்கு எடுத்துப்போக முடியுமா என்பதுதான் கேள்வி.

அடுத்து வங்கிகளின் முறை. 2000-01-ல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து ஒரு லட்சம் பேர் அளவுக்கு வெளியே போனார்கள். அப்பாவும் ஒருத்தர். அப்போது வயது 52. ஒண்ணரை வருஷம் பேப்பரைத் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாராவது "சார், என்ன பண்ணினீங்க?" என்று கேட்டால் "பேங்க்ல இருந்தேன்" என்பார், அவ்வளவுதான். இரண்டு மாடி தள்ளி இருந்த ஒரு ஏற்றுமதியாளர், லெட்டர் ஆஃப் கிரெடிட் காகிதம் ஒன்று திரும்பி வந்துவிட்டதென்று புலம்பியபோது, அப்பா ஐந்து நிமிஷத்தில் தப்பு எங்கே என்று காட்டினார். அடுத்த ஒன்பது வருஷம் அவருக்கு அதுதான் வேலை. "பேங்க்ல இருந்தேன்" என்பது அவர் உட்கார்ந்த இடம். "எல்.சி. காகிதம் பார்ப்பேன்" என்பது அவர் தொழில். இந்த வித்தியாசம் அவருக்கே 54-ல்தான் தெரிந்தது.

நான் பொட்டி தட்டுகிற மூன்றாம் தலைமுறை. சஞ்சீவ் பிக்சந்தானி ஹார்லிக்ஸ் கம்பெனியில் இருந்தபோது, சக ஊழியர்கள் பத்திரிகை வந்ததும் பின்பக்கத்து வேலை விளம்பரங்களையே முதலில் புரட்டுவதைக் கவனித்தாராம். 1997-ல் நௌக்ரி டாட் காம் பிறந்ததற்கு அதுவும் ஒரு விதை. 2003-ல் லிங்க்ட்இன். மெஸ் இலை இப்போது கம்ப்யூட்டர் திரைக்கு வந்துவிட்டது. கூடவே நிலையாமையும் திரும்பி வந்தது: 2001, 2008, பிறகு 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதில் பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையினர். அதாவது நம்ம வயசுக்காரர்கள் :-)

ஆக, நாம் கெட்டுப்போகவில்லை. தாத்தா காலத்துக்கே திரும்பியிருக்கிறோம். அப்போ தாத்தாவிடமும் அப்பாவிடமும் எதை எடுத்துக்கொள்ளலாம்?

ஒன்று, உங்கள் 'ஸ்பீடு' என்ன என்று ஒரே வரியில் சொல்லப் பழகுங்கள். பதவிப் பெயர், கம்பெனிப் பெயர் இல்லாமல். வேலை இருக்கும்போதே எழுதி வையுங்கள். போன பிறகு வார்த்தை வராது.

இரண்டு, வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். 1995-ல் வந்த பென்ஷன் திட்டத்தில் மாதாமாதம் பென்ஷன் வாங்க மொத்தம் 10 வருஷ சர்வீஸ் வேண்டும். நடுவில் எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு அறுந்துபோகும். 2014-ல் யூ.ஏ.என். நம்பர் வந்த பிறகு மாற்றுவது முன்பைவிடச் சுலபம்.

மூன்று, வீட்டில் சொல்லுங்கள். வேலை போனதைத் தங்கமணியிடமே மறைத்து, காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய்ப் பார்க்கில் உட்கார்ந்திருந்த ஒருத்தரை எனக்குத் தெரியும். தாத்தாவுக்கு வேலை கிடைத்ததே, வேலை இல்லை என்று ஆறு பேருக்கு நடுவில் சத்தமாகச் சொன்னதால்தான்.

நாலாவது நமக்கெல்லாம் பொதுவானது. ஊர் ஊராகத் தமிழ்ச் சங்கம் வைத்திருக்கிறோம். பொங்கல் விழா, பட்டிமன்றம் எல்லாம் ஜோராக நடக்கிறது. வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வேலை தேடுகிறவர்களுக்கு ஒதுக்கினால் என்ன? எல்லாரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்து இலை போடுவோம். பக்கத்து இலைக்காரரிடம் எந்த ஊர், என்ன ஆளுங்க என்று கேட்கவேண்டாம். "ஸ்பீடு எவ்வளவு?" என்பது போதும்.